சாண் சாணாகச் சுருங்கும் கண்மாய்

மதுரை மாட்டுத்தாவணிச் சந்தைக்குக் காய்கறியும் பூவும் கொண்டுவரும் விவசாயிகளில் பலர் கே.கே. நகரைக் கடந்து செல்வதுண்டு. அந்த நகரை ஒட்டிக் கிடப்பது வண்டியூர் கண்மாய். சாத்தையாற்று நீரையும், மேலே உள்ள கண்மாய்களின் மறுகால் நீரையும் வாங்கி, ஒரு காலத்தில் நெல் வயல்களுக்குப் பாய்ச்சிய கண்மாய் அது. இன்று அதைச் சுற்றிலும் வீடுகளும் கடைகளும் சாலைகளும் உள்ளன. கண்மாய் இன்னும் இருக்கிறது. அதை நம்பிய வயல்களைத்தான் தேட வேண்டியுள்ளது.

மேலூர் சாலையில் இன்னும் சற்றுத் தூரம் போனால் உலகநேரி வரும். ஊரின் பெயரிலேயே ஏரி இருக்கிறது. அங்கே ஏரி நிலத்தில்தான் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை எழுந்து, 2004 ஜூலை 24 அன்று திறக்கப்பட்டது. தல்லாகுளம், பீ.பீ.குளம், செங்குளம் என்று நகருக்குள் குளத்தின் பெயரைத் தாங்கிய பகுதிகள் இன்னும் உண்டு. அங்கெல்லாம் பெயர்தான் மிச்சம். இவை ஒரே இரவில் மறைந்தவை அல்ல. ஒவ்வொரு தலைமுறையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டது. எடுத்தவர்களில் தனியாரும் உண்டு, அரசும் உண்டு.

நகரத்துக் கண்மாய்களின் கதை கிராமத்து விவசாயிக்கு எதற்கு என்று கேட்கலாம். அதே கதையின் முதல் அத்தியாயம் இன்று கிராமங்களில் நடந்துகொண்டிருக்கிறது என்பதே பதில்.

சொல் ஒன்று, பொருள் இரண்டு

நீர்நிலைகளில் ஒட்டப்படும் அரசு அறிவிப்புகளிலும், நீதிமன்றத் தீர்ப்புகளிலும் அடிக்கடி வரும் ஆங்கிலச் சொல் ‘என்க்ரோச்மென்ட்’ என்பது. இதைத் தமிழில் ‘ஆக்கிரமிப்பு’ என்று எழுதுகிறோம். ஒரு நாட்டின் படை இன்னொரு நாட்டுக்குள் புகுந்தாலும் பத்திரிகைகள் ‘ஆக்கிரமிப்பு’ என்றே எழுதுகின்றன. ஆகவே இந்தச் சொல்லைக் கேட்டதும் படை பலம், பண பலம், அடியாள், லாரி லாரியாக மண் கொட்டுதல் ஆகியவைதான் மனதில் தோன்றுகின்றன. வரப்பில் மண்வெட்டியோடு நிற்கும் ஒரு சிறு விவசாயியின் உருவம் தோன்றுவதில்லை.

ஆங்கிலச் சொல்லின் பொருள் வேறு விதமானது. அதன் வேர் பழைய பிரெஞ்சு மொழியில் உள்ளது. கொக்கி என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. துறட்டியால் கிளையைத் தன் பக்கம் மெல்ல இழுத்துக்கொள்வது போன்ற செயல் என்று வைத்துக்கொள்ளலாம். கடல் ஆண்டுதோறும் கரையைத் தின்று ஊரை நெருங்கினால் அதற்கும் இந்தச் சொல்லையே பயன்படுத்துகிறார்கள். அலுவலக வேலை கொஞ்சம் கொஞ்சமாக வீட்டு நேரத்தைத் தின்றாலும், காடு மேய்ச்சல் நிலத்துக்குள் பரவினாலும் இதே சொல்தான். அதில் இரண்டு அம்சங்கள் அடங்கியுள்ளன. ஒன்று, மெதுவாக நடப்பது. மற்றொன்று, ஓர் எல்லையைத் தாண்டுவது. எல்லையே இல்லாத இடத்தில் இந்தச் சொல்லுக்கு வேலை இல்லை.

கிராமத்து வழக்கில் இந்தப் பொருளுக்கு நெருங்கிய பேச்சு ஒன்று உண்டு. “வரப்பை வெட்டிவிட்டான்” என்பார்கள். யார் வெட்டினார், எந்தப் பக்கம் வெட்டினார் என்பது அதைக் கேட்டதுமே விளங்கிவிடும். நீர்நிலைகளைக் காப்பாற்ற நினைப்பவர்கள் ‘ஆக்கிரமிப்பு’ என்ற பெரிய சொல்லைவிட ‘வரப்பு வெட்டு’ என்ற சிறிய சொல்லை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. நோய் எங்கே தொடங்குகிறது என்பதை அதுதான் சரியாகக் காட்டுகிறது.

நாலு விரல் கணக்கு

ஒரு கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் 12 அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். இருபுறமும் பட்டா நிலங்கள். ஒவ்வொரு சாகுபடிக்கும் முன்பு வரப்பைச் செதுக்கும்போது, ஒவ்வொரு பக்கத்து விவசாயியும் ஆண்டுக்கு நாலு விரல், அதாவது சுமார் 3 அங்குலம், காலுக்குள் தள்ளி வரப்புப் போடுகிறார். ஆண்டுக்கு அரை அடி போகிறது. 12 ஆண்டுகளில் 6 அடி போய்விடும். முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும்போது அந்த வரத்துக்கால் பாதியாகியிருக்கும்.

அகலம் பாதியானால் ஓடும் நீரும் பாதியாகும் என்று நினைப்பது தவறு. ஆழம் மாறாமல் அகலம் மட்டும் குறையும்போது, ஓடும் நீரில் பெரும் பங்கு கரைகளை உரசிக்கொண்டே செல்ல வேண்டியிருக்கிறது. அதனால் வேகமும் குறைகிறது. பாதி அகலமுள்ள கால் பாதிக்கும் குறைவான நீரையே கொண்டுவரும். அதில் கோரையும் சீமைக் கருவேலும் முளைத்துவிட்டால் இன்னும் மோசம்.

வரப்பைத் தள்ளியவருக்குக் கிடைத்த லாபம் என்ன? அவருடைய நிலம் கால் ஓரமாக 200 அடி நீளம் என்றால், 12 ஆண்டுகளில் அவர் சேர்த்துக்கொண்டது 3 அடிக்கு 200 அடி, அதாவது 600 சதுர அடி. ஒன்றரை சென்டுக்கும் குறைவு. ஏக்கருக்கு 2,500 கிலோ நெல் என்று கணக்கிட்டால், ஒரு போகத்துக்கு 35 கிலோ கூட வராது. இந்த 35 கிலோவுக்காகக் கீழே உள்ள ஆயக்கட்டு முழுவதும் தண்ணீரை இழக்கிறது. அந்த ஆயக்கட்டில் அதே விவசாயிக்கு இன்னொரு துண்டு நிலமும் இருக்கலாம்!

மதுரை மாவட்டத்தில் ஓராண்டில் பெய்யும் மழை ஏறத்தாழ 850 மில்லிமீட்டர்தான். அதில் பெரும் பங்கு வடகிழக்குப் பருவமழை. அதுவும் சீராகப் பெய்வதில்லை; சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். கண்மாய் நிரம்ப வேண்டுமானால் அந்தச் சில நாட்களுக்குள் வரத்துக்கால் தன் வேலையை முடித்தாக வேண்டும். கால் குறுகிவிட்டால், மழை பெய்தும் கண்மாய் நிரம்பாது. கண்மாய்க்குப் போகாத நீர் வயலில் பாய்ந்து நாற்றை அழுகச் செய்யும், அல்லது ஊருக்குள் புகும்.

2024 அக்டோபர் 25 அன்று மதுரை நகரில் நடந்தது இதற்கு உதாரணம். அன்று பிற்பகல் 15 நிமிடங்களில் மட்டும் நாலரை சென்டிமீட்டர் மழை கொட்டியது. செல்லூர் கண்மாயும் பந்தல்குடி கால்வாயும் தாங்காமல் தண்ணீர் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. செல்லூர் கண்மாயிலிருந்து வைகைக்குப் புதிய சிமெண்ட் கால்வாய் அமைக்க 11 கோடியே 90 லட்சம் ரூபாயை அரசு பின்னர் அறிவித்தது. கால்வாய்க்கு இடம் விட்டு வைக்காத ஊர், அந்த இடத்தைக் கோடிக் கணக்கில் விலை கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டியிருக்கிறது.

உள்வாயில் ஒரு வயல்

வரத்துக்காலைப் போலவே கண்மாயின் உள்வாயிலும் படிப்படியாகவே நிலம் போகிறது. முதலில் வண்டல் சேர்ந்து உள்வாய் மேடாகிறது. மேட்டில் சீமைக் கருவேல் வருகிறது. விறகுக்காகவும் கரிக்காகவும் அதை வெட்டுகிறவர் ஓரிடத்தைச் சுத்தம் செய்து, முள்வேலி போடுகிறார். அடுத்த ஆண்டு மானாவாரியாகச் சோளமோ உளுந்தோ விதைக்கிறார். அதற்கடுத்து ஒரு வரப்பு எழும். பிறகு கிணறு, மோட்டார்க் கொட்டகை, மின் இணைப்பு, வீடு, வீட்டு வரி ரசீது. முள்வேலியைப் பிடுங்க ஒரு காலைப் பொழுது போதும். வரி ரசீது வந்த பிறகு பல ஆண்டுகள் வழக்கு நடத்தினாலும் முடிவதில்லை.

உள்வாயில் 10 ஏக்கர்தானே போயிற்று, மீதி 90 ஏக்கர் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்வதும் சரியல்ல. 100 ஏக்கர் நீர்ப்பரப்பும், சராசரியாக 4 அடி ஆழமும் உள்ள ஒரு கண்மாய் நிரம்பினால் 400 ஏக்கர்-அடி நீர் நிற்கும். (ஓர் ஏக்கர் பரப்பில் ஓர் அடி ஆழம் நிற்கும் நீரே ஓர் ஏக்கர்-அடி.) கடைசி ஓர் அடி நீர் ஏறும்போது மட்டும் உள்வாயின் அந்த 10 ஏக்கர் மூழ்கும் என்று வைத்துக்கொள்வோம். தன் பயிர் மூழ்குவதை எவரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். கலிங்கின் பலகையைக் கழற்றவோ, கலிங்கை உடைக்கவோ, இரவோடு இரவாகக் கரையில் வாய்க்கால் வெட்டவோ துணிவார். பல கண்மாய்களில் உள்வாய் விவசாயிக்கும் ஆயக்கட்டு விவசாயிக்கும் நடக்கும் சண்டையின் காரணம் இதுதான். ஓர் அடி நீரைக் கண்மாயில் நிறுத்தாமல் விட்டால், நஷ்டம் 90 ஏக்கர்-அடிக்குக் குறையாது. நெல்லுக்கு ஒரு போகத்துக்கு ஏறத்தாழ 4 அடி நீர் தேவை என்ற கணக்கில் பார்த்தால், 10 ஏக்கர் உள்வாய்ப் பயிரைக் காப்பாற்ற 22 ஏக்கர் நெல் வயல் காய வேண்டியிருக்கிறது. கண்மாய் இழந்தது பத்தில் ஒரு பங்கு நிலம். ஆயக்கட்டு இழந்தது ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு தண்ணீர்.

மறுபக்க நியாயம்

உள்வாயில் பயிரிடுகிறவர்களில் பெரும்பாலோர் பணக்காரர்கள் அல்லர். சொந்த நிலமில்லாதவர்கள், குத்தகை இழந்தவர்கள் உண்டு. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வறண்டு கிடக்கும் கண்மாயில் நாலு பேர் பிழைத்தால் என்ன என்று அவர்கள் கேட்பதைக் காது கொடுத்துக் கேட்கத்தான் வேண்டும். நீதிமன்றமும் பேருந்து நிலையமும் எழுந்த ஊரில், ஏழையின் குடிசை மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறதா என்று அவர்கள் கேட்டால் அதிலும் நியாயம் உண்டு.

ஆனாலும் வெள்ளரி வேறு, வரப்பு வேறு. தண்ணீர் வற்றும்போது ஈரத்தில் போடும் வெள்ளரி, அடுத்த மழைக்கு முன்பே காய்த்து ஓய்ந்துவிடும்; தண்ணீரைத் தடுக்காது, எல்லையை மாற்றாது. ஊரும் அதிகாரிகளும் அறிய, அனுமதி பெற்று இப்படிச் செய்வதால் கண்மாய் கெட்டுவிடாது. வரப்பு எழுந்தால், கிணறு வெட்டினால், அது அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். தண்ணீர் வரக்கூடாது என்று வேண்டிக்கொள்ளும் ஒருவர் கண்மாய்க்குள் குடியேறிவிட்டார் என்று அர்த்தம். கண்மாய்க்குள் வீடு கட்டிக்கொண்ட ஏழைக்கு வேறு இடத்தில் மனை கொடுக்க வேண்டியது அரசின் பொறுப்பு. கண்மாய்க்குள்ளேயே பட்டா கொடுப்பது அந்த ஏழைக்கும் உதவியல்ல. பெருமழை வரும் ஆண்டில் முதலில் மூழ்குவது அவர் வீடுதான்.

சட்டம் இருக்கிறது, கல் இல்லை

சட்டத்துக்குக் குறைவில்லை. 1905ஆம் ஆண்டிலேயே நில ஆக்கிரமிப்புச் சட்டம் வந்தது. கிராமங்களில் ‘பி மெமோ’ என்று எல்லோருக்கும் தெரிந்த தாள் அந்த வழியில் வந்ததுதான். பி மெமோவுக்குக் கட்டும் பணத்தைத் தீர்வை என்றும், அது நாளைக்கு உரிமையாகும் என்றும் பலர் நம்புகிறார்கள். அது உரிமைச் சீட்டு அல்ல; அத்துமீறலுக்கான பதிவு.

பின்னர் 2007ஆம் ஆண்டில், ஏரி, கண்மாய்களைக் காக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அன்று பொதுப்பணித் துறையின் பொறுப்பில் இருந்து, இன்று நீர்வளத் துறையிடம் உள்ள கண்மாய்களை அளந்து, வரைபடம் வெளியிட்டு, எல்லை குறிக்க அது வழி செய்கிறது. 2011 ஜனவரி 28 அன்று உச்ச நீதிமன்றம், பஞ்சாப் மாநிலத்துக் கிராமம் ஒன்றின் குளத்தைப் பற்றிய வழக்கில், கிராமப் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் வகுக்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. நீண்ட காலம் அனுபவித்தேன், நிறையச் செலவு செய்து கட்டினேன் என்பதெல்லாம் சட்ட விரோதத்தைச் சட்டமாக்காது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

இத்தனை இருந்தும் கண்மாய்கள் சுருங்குவது ஏன்? சட்டம் விழித்துக்கொள்வது வீடு கட்டிய பிறகு. நாலு விரல் வரப்புக்கு எந்த அதிகாரியும் வருவதில்லை, வரவும் முடியாது. தமிழகத்தில் உள்ள கண்மாய்களும் ஏரிகளும் 39,000க்கு மேல். அத்தனைக்கும் அரசு காவல் போட இயலாது. முன்பு நீர்பாய்ச்சியும் ஊர்ப் பெரியவர்களும் செய்த வேலை அது. வரத்துக்காலில் யார் வரப்பு எங்கே இருந்தது என்பது அவர்களுக்குப் பாதம் அறிந்த சங்கதி. அவர்கள் போன பிறகு அந்த நினைவும் போயிற்று. நினைவு போன இடத்தில் கல் இருக்க வேண்டும். பல கண்மாய்களில் கல்லும் இல்லை.

ஆயக்கட்டு விவசாயிகள் செய்ய வேண்டியவை

முதலாவது, எல்லையைத் தெரிந்துகொள்வது. கண்மாய், வரத்துக்கால், மறுகால் ஆகியவற்றின் புல எண்களையும் பரப்பையும் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேட்டிலும், புலப்படத்திலும், கிராம வரைபடத்திலும் பார்க்கலாம். இ-சேவை மையத்திலும் புலப்பட நகல் பெற வழி உண்டு. கண்மாய்க்கு உள்ளே மட்டும் பார்த்து நிறுத்திவிடக் கூடாது. வரத்துக்கால் போன கண்மாய் வெறும் பள்ளம்தான்.

இரண்டாவது, அளந்து கல் நடுவது. கிராம சபையில் தீர்மானம் போட்டு, நில அளவரைக் கொண்டு அளக்குமாறு வட்டாட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டும். ஜமாபந்தி இதற்கு நல்ல சந்தர்ப்பம். தனி ஒருவர் கொடுக்கும் மனு பகையில் முடியும். பாசன சபையின் பெயரால் ஆயக்கட்டுதாரர் எல்லோரும் கையெழுத்திட்டுக் கொடுப்பது பலன் தரும். 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள சிறு கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ளதால், மனு யாருக்குப் போக வேண்டும் என்பதையும் முதலிலேயே அறிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, ஆண்டுக்கு ஒருமுறை நடந்து பார்ப்பது. ஆவணி அல்லது புரட்டாசியில், மழைக்கு முன்பு, ஆயக்கட்டுதாரர்கள் ஒருநாள் கூடி வரத்துக்கால் தலைப்பிலிருந்து கலிங்கு வரை நடக்க வேண்டும். ஒரு டேப்பும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். நூறு அடிக்கு ஓரிடத்தில் காலின் அகலத்தை அளந்து எழுதிவைத்து, போன ஆண்டு எழுதியதோடு ஒப்பிட வேண்டும். நாலு விரல் குறைந்திருந்தால் அன்றைக்கே மண்வெட்டியால் சரிசெய்துவிடலாம். அதற்கு வழக்கும் வேண்டாம், போலீசும் வேண்டாம். இளைஞர் ஒருவரை இதில் பழக்கிவைத்தால் நோட்டுப் புத்தகம் அடுத்த தலைமுறைக்கும் போகும்.

நான்காவது, வண்டலைக் கண்மாயில் தங்கவிடாமல் எடுப்பது. வட்டாட்சியரின் அனுமதி பெற்று விவசாயிகள் கண்மாய் வண்டலைத் தங்கள் வயலுக்கு எடுத்துச் செல்ல அரசு வழி செய்துள்ளது. வண்டல் வயலுக்கு எரு, கண்மாய்க்கு ஆழம். உள்வாய் மேடாகாமல் இருந்தால் அங்கே வேலி போடும் ஆசையும் எழாது. சீமைக் கருவேலைக் கன்றிலேயே வேரோடு பிடுங்க வேண்டும். மரமான பிறகு வெட்டினால், வேர் தங்கி மீண்டும் துளிர்க்கும்.

ஐந்தாவது, இதுவே முக்கியமானது: தன் வரப்பிலிருந்து தொடங்குவது. வரத்துக்கால் ஓரத்தில் நிலமுள்ள ஆயக்கட்டுதாரர், முதலில் தன் வரப்பைப் பழைய இடத்துக்கு நகர்த்திவிட்டுப் பிறகு அடுத்தவரைக் கேட்டால், அந்தக் கேள்விக்கு மதிப்பு இருக்கும். சங்கத் தலைவரின் வரப்பே காலுக்குள் நின்றால் தீர்மானங்களால் பயன் இல்லை.

வண்டியூர் கண்மாயைச் சுற்றி இன்று வயல் இல்லை. மடையைத் திறக்க வேண்டிய விவசாயி இல்லாத இடத்தில், கண்மாயைக் காக்க வேலியும் நடைபாதையும் கோடிக் கணக்கில் செலவும் வேண்டியிருக்கிறது. ஆயக்கட்டு இன்னும் உயிரோடு உள்ள கிராமங்களில் அவ்வளவு செலவு தேவையில்லை. அங்கே தண்ணீரால் பிழைக்கும் விவசாயிகளே காவல். இந்த ஆண்டு புரட்டாசிக்கு முன்பு ஒவ்வொரு கண்மாயிலும் ஆயக்கட்டுதாரர்கள் ஒருநாளை ஒதுக்கி, டேப்பும் நோட்டுமாக வரத்துக்காலில் இறங்க வேண்டும். ஐப்பசி மழை அந்த வேலை முடிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வராது.